தொட்டிலருகே இருப்பது யார்?

கீரிப்பிள்ளையைக் கொன்ற தாயின் கதையை அறியாதவர் நம்மில் எவருமிலர். பஞ்சதந்திரத்தில் வரும் கதை அது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் அது பேசப்படுகிறது. தொட்டிலில் குழந்தை உறங்குகிறது. பாம்பு வருகிறது. வீட்டில் பிள்ளைபோல் வளர்ந்த கீரி பாம்பைக் கடித்துக் குதறிக் குழந்தையைக் காப்பாற்றுகிறது. தண்ணீர் எடுக்கப் போயிருந்த தாய் திரும்பி வருகிறாள். இரத்தம் தோய்ந்த வாயோடு வாசலுக்கு ஓடிவந்த கீரியைப் பார்க்கிறாள். குழந்தையைத்தான் கடித்துவிட்டது என்றெண்ணி அதைக் கொன்றுவிடுகிறாள். ஆராயாமல் ஒன்றைச் செய்யலாகாது என்பது இக்கதையின் நீதி என்று சிறு வகுப்புகளில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம்.

இக்கதையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தாய் குடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். கணவனோ தனக்கு ஒரு வேலை வந்ததும் எழுந்து போய்விட்டான். கீரி பழகிய கீரிதானே, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருப்பான் போலும்! அவசரப்பட்ட தாயை இத்தனை நூற்றாண்டுகளாகக் கடிந்துகொள்ளும் நாம், எழுந்து போன தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

பிரான்சு நாட்டில் லியோன் நகரையடுத்த சிற்றூர்களில் இதே கதை கீரிக்குப் பதிலாக ஒரு வேட்டைநாயை வைத்து வழங்கிவந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பூர்போன் நகரத்து ஸ்தேவான் என்னும் தொமினிக்கன் சபைத் துறவி அதை எழுதி வைத்திருக்கிறார். அந்த நாயைப் புனிதராகவே கருதி, நோயுற்ற கைக்குழந்தைகளை அதன் கல்லறைக்குத் தாய்மார் கொண்டுபோவதை அறிந்த அவர் திடுக்கிட்டு அதைத் தடுத்தார். அக்கதையிலும் வீட்டுப் பெரியவர்கள் வெளியே போயிருந்தார்கள். குழந்தையோடு இருந்தது நாய் மட்டுமே. நாடு வேறு, மொழி வேறு. வெளியே போகும் பழக்கம் மட்டும் ஒன்றுதான்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதைப்பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்களில் பெரும்பாலோர் வீட்டில் மூத்தவர்கள். தம்பியையும் தங்கையையும் இடுப்பில் சுமந்தவர்கள். "நீ கொஞ்சம் பார்த்துக்கொள்" என்ற சொல்லை ஒருநாளில் பத்துமுறை கேட்பவர்கள். ஆகவே குழந்தையும் நாயும் ஒரே முற்றத்தில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோரைவிட அருகிலிருந்து பார்ப்பவர்கள் நாங்களே என்று சொன்னால் மிகையாகாது.

நாய்களை வெறுப்பவர்கள் அல்லர் நாங்கள். நாயின் நன்றியுணர்வைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எங்களுக்கு ஏடு போதாது. ராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் கன்னியும் நம் மண்ணின் பெருமைகள். நம் திருச்சபையிலும் நாய்க்கு இடம் உண்டு. கொள்ளைநோய் கண்டு காட்டில் தனித்துக் கிடந்த புனித ஆரோக்கியநாதருக்கு அப்பம் கொண்டுவந்த நாயை அவருடைய சொரூபத்தின் காலடியிலேயே காண்கிறோம். தூரின் நகரத் தெருக்களில் புனித தொன் போஸ்கோவைப் பகைவரிடமிருந்து பலமுறை காத்த சாம்பல்நிற நாயின் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் கேட்டு வியந்திருக்கிறோம். தோபித்து நூலில் இளைஞன் தோபியா பயணம் புறப்பட்டபோது நாயும் பின்தொடர்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பயணத்தில் வானதூதர் இரபேலும் உடன் சென்றார். நாயை மட்டும் துணையாக்கி எவரும் மகனை அனுப்பி வைக்கவில்லை!

தெருவில் திரியும் முரட்டு நாயைக் கண்டால் தாயின் கை தானாகவே குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்கிறது. அங்கே யாருக்கும் அறிவுரை தேவையில்லை. ஆபத்து பெரும்பாலும் வேறொரு வழியாக வருகிறது. சிறு குழந்தைகளைக் கடிக்கும் நாய்களில் பெரும்பகுதி அக்குழந்தைகளுக்கு முன்பே பழக்கமானவை என்பது பல நாடுகளில் மருத்துவர்கள் கண்ட உண்மை. அது சொந்த வீட்டு நாயாக இருக்கலாம், மாமா வீட்டு நாயாக இருக்கலாம், எதிர்வீட்டு நாயாகவும் இருக்கலாம். தெருநாய் என்று நாம் சொல்பவற்றிலும் பல, நம் வாசற்படியில் மிச்சச் சோறு தின்று பழகியவைதாம். "ஒன்றும் செய்யாது, நம்ம நாய்தான்" என்று சொல்லும் இடத்தில்தான் கண் அயர்ந்துவிடுகிறது.

பெரியவர்களுக்குக் கடி பெரும்பாலும் காலிலோ கையிலோ விழுகிறது. சிறு குழந்தைக்கு முகத்திலும் கழுத்திலும் தலையிலும் விழுகிறது. காரணம் எளியது. இரண்டு வயதுக் குழந்தை நின்றால் அதன் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. அதுமட்டுமன்றி, குழந்தை அன்பைக் காட்டும் முறை கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைப்பது. மனிதருக்கு அது அன்பு. நாய்க்கோ கழுத்தைச் சுற்றிய பிடி. பல நாய்கள் அதைப் பொறுத்துக்கொள்கின்றன. பொறுத்துக்கொள்வதை மகிழ்ச்சி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

நாய்க்கும் ஒரு மொழி உண்டு. தனக்குப் பிடிக்கவில்லை என்றால் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். உணவு எதுவும் இல்லாதபோது நாவால் மூக்கை நக்கிக்கொள்ளும். எழுந்து வேறிடம் போகப் பார்க்கும். காதுகளைப் பின்னுக்கு மடித்து, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். அதற்கும் பயனில்லையென்றால் உடலை விறைத்துக்கொண்டு அசையாது நிற்கும். பிறகு உறுமும். அதன் பிறகுதான் பல் படும். "திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் கடிகளில் பல திடீரென்று வந்தவை அல்ல. நாய் ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்தது. கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. இரண்டு வயதுக் குழந்தை அந்த மொழியை அறியாது. அறிந்த ஒருவர் அருகே இருக்க வேண்டும். இதற்குத்தான் பெரியவர் வேண்டும் என்கிறோம்.

உறுமுகிற நாயை அடிப்பது நம் வீடுகளில் வழக்கம். பிள்ளையைப் பார்த்து உறுமினால் விளக்குமாறு பறக்கிறது. இது பெருந்தவறு. அடிபட்ட நாய் கற்றுக்கொள்ளும் பாடம் "உறுமக்கூடாது" என்பதே தவிர "கடிக்கக்கூடாது" என்பதன்று. அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடித்துவிடக்கூடும். உறுமினால் குழந்தையை அமைதியாக அப்பால் கொண்டுசென்று, எதனால் உறுமியது என்று ஆராய வேண்டும். கிண்ணத்தில் சோறு இருந்ததா? காதில் புண்ணா? குட்டி போட்டிருக்கிறதா? உறங்கும்போது வாலை மிதித்தார்களா?

பழமொழிகள் மீதும் எங்களுக்கு ஒரு குறை உண்டு. குரைக்கிற நாய் கடிக்காது என்று பாட்டிமார் சொல்கிறார்கள். குரைத்துவிட்டுக் கடித்த நாய்கள் எத்தனையோ! வாலாட்டும் நாயும் கடிக்காது என்பதற்கில்லை. உடல் முழுதும் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து ஆடும் வால் வேறு. உடல் விறைத்திருக்க, உயரத் தூக்கி விறுவிறுவென ஆட்டும் வால் வேறு. இன்னுமொன்று, "குட்டிதானே" என்பது. குட்டிக்கும் வெறிநோய் வரும். பால் மணம் மாறாத குட்டியைத் தெருவிலிருந்து தூக்கி வந்து மடியில் வைத்துக் கொஞ்சுவது எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கே பெரும் இன்பம். தூக்குவதற்கு முன் ஒரு பெரியவரைக் கேட்பதும், பிறாண்டினால் உடனே சொல்வதும் அந்த இன்பத்தைக் குறைத்துவிடா.

சங்கிலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவலுக்கென்று வாங்கிய நாயைக் காலைமுதல் இரவுவரை ஒரே தூணில் கட்டிப்போடும் வீடுகள் அநேகம். ஓட வழியில்லாத நாய்க்குப் பயம் வந்தால் எஞ்சியிருப்பது பல் ஒன்றே. அதன் வட்டத்திற்குள் பந்து உருண்டு போகிறது; பின்னாலேயே பாப்பாவும் போகிறது. இதற்கு எங்களுக்குத் தோன்றிய வழி எளியது. சங்கிலி எட்டும் தூரத்தை அளந்து, அதற்கு மேல் இரண்டடி சேர்த்து, தரையில் சுண்ணாம்பாலோ கோலமாவாலோ ஒரு வட்டம் போட்டுவிட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு "சங்கிலி", "தூரம்" என்றெல்லாம் விளங்காது. கோட்டைத் தாண்டாதே என்பது விளங்கும்; பாண்டி ஆடிப் பழகிய தெருவல்லவா நம் தெரு! ஆனால் கோடு போட்டுவிட்டோம் என்று பெரியவர்கள் உள்ளே போய்விடக்கூடாது. கோடு பிள்ளைக்கு நினைவூட்டும், பிடித்து நிறுத்தாது. நாயையும் நாளைக்கு இரண்டு வேளையாவது அவிழ்த்து நடத்திக் கூட்டிச்செல்ல வேண்டும்.

இன்று புதிதாக வந்திருக்கும் ஓர் ஆபத்து கைப்பேசி. குழந்தையை நாயின் முதுகில் ஏற்றி உட்காரவைத்து, நாயின் வாயிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கச் சொல்லி, அதைப் படம்பிடித்து உறவினர் எல்லாருக்கும் அனுப்பி மகிழ்கிறார்கள். அப்படங்களை ஒலியின்றி மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். நாய் முகத்தைத் திருப்பும், நாவை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியும். படம் எடுப்பவரின் கண் திரையில் இருக்கிறதே அன்றி நாயின்மீது இல்லை. அருகிலேயே இருந்துகொண்டு அங்கே இல்லாமலிருப்பது என்பது இதுதான்.

2024-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் நடந்ததை யாரும் மறந்திருக்க இயலாது. மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், அங்கேயே தங்கியிருந்த காவலாளியின் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துப் படுகாயப்படுத்தின. காப்பாற்றப் போன தாயும் காயமுற்றார். அந்நாய்கள் கயிறும் வாய்க்கூடும் இன்றி விடப்பட்டிருந்தன. இப்படி ஒரு செய்தி வந்தவுடன் "தாய் எங்கே போனாள்?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். இங்கே தாய் அங்கேயே இருந்தாள்; தன் உடலையே இடையில் நுழைத்தாள். ஆகவே பொறுப்பு என்பதைப் பெற்றவள் தலையில் மட்டும் கட்டிவிட நாங்கள் ஒருப்படோம். நாய் வளர்ப்பவருக்கு முதற்பொறுப்பு. தம் விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது சட்டப்படியே குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 289-ஆம் பிரிவாக அது இருந்தது. நாய் வைத்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

நாய் வாங்குவது பெரும்பாலும் அப்பாவோ அண்ணனோ. சோறு வைப்பது அம்மா. குளிப்பாட்டுவது அக்கா. கடிபடுவது தம்பி. வாங்குவதற்கு முன் இந்த நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் வீடு எங்காவது உண்டா என்று அறிய ஆவல். காவலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட பெரிய இனத்தை, கைக்குழந்தை தவழும் இரண்டு அறை வீட்டிற்குப் பெருமைக்காகக் கொண்டுவருவது நாய்க்கும் நன்றன்று, குழந்தைக்கும் நன்றன்று. வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்து புதிதாகக் குழந்தை பிறந்தால் நேர்வது வேறு. அதுவரை கூடத்தில் படுத்திருந்த நாயை ஒரே நாளில் கொல்லைக்குத் துரத்திவிடுகிறார்கள். பிரசவத்திற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அதன் இடத்தையும் நேரத்தையும் சிறிது சிறிதாக மாற்றிப் பழக்கினால் அதற்கும் குழப்பம் இராது.

இனி எங்கள் பங்கிற்கு வருவோம். "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குள் போகிறார். அக்காவுக்கு வயது பத்து. மடியில் கணக்குப் புத்தகம். மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை எந்த வீட்டையும் பாருங்கள். அடுப்பில் உலை கொதிக்கிறது, தொலைக்காட்சி ஓடுகிறது, அப்பா அப்போதுதான் வந்திருக்கிறார், பாப்பாவுக்குத் தூக்கம் கலந்த அழுகை, நாய்க்குப் பசி. அந்த நேரத்தில் பாப்பா நாயின் சோற்றுத் தட்டை நோக்கித் தவழ்ந்தால், பத்து வயதுச் சிறுமி எழுந்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதன்பின் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். "உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேனே!" என்ற சொல் வாழ்நாள் முழுதும் அவள்மேல் நிற்கும்.

குடும்பத்தில் உதவி செய்ய மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. தம்பிக்குச் சோறு ஊட்டுவோம், உறங்கவைப்போம், பள்ளிக்குக் கைப்பிடித்து அழைத்து வருவோம். ஆனால் நாய்க்கும் குழந்தைக்கும் நடுவே நிற்கும் காவலை மற்றொரு குழந்தையிடம் கொடுக்கலாகாது. வலுவான நாயை ஒரு சிறுமியால் பிடித்து இழுக்க முடியாது. அவ்வேளையில் அவளும் அருகில் இருக்கும் இன்னொரு குழந்தைதான். பெரியவர் ஒருவர், "இப்போது நான் பார்க்கிறேன்" என்று வாய்திறந்து சொல்லி அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். அவர் பால் பொங்குகிறதென்று எழுந்தால், குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு போகலாம். அல்லது நாயைக் கதவுக்கு அப்பால் விடலாம். நடுவில் ஒரு கதவு இருந்தால் போதும், அரை நிமிட வேலை. கீரிப்பிள்ளைக் கதையின் தந்தைக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட நாங்கள் அஞ்சுவது வேறொன்று. அது குழந்தை மறைத்துவிடுவது. சிறு கீறல்தான். பல் பட்டு இரண்டு துளி இரத்தம். சொன்னால் அடி விழும், "அந்த நாயிடம் போகாதே என்று எத்தனை முறை சொன்னேன்" என்று திட்டு விழும், ஊசியும் போடுவார்கள். ஆகவே பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு, முள் கீறியது என்று சொல்லிவிடுகிறது. அல்லது எதுவும் சொல்வதில்லை. புண் நாலு நாளில் ஆறிவிடுகிறது. வெறிநோய்க் கிருமியோ நரம்பின் வழியாக மெல்ல மூளையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓர் ஆண்டு கழித்தும் வரலாம். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுவதற்குமுன் தடுத்துவிடுவதோ முற்றிலும் கைகூடுவது. உலகில் இந்நோயால் இறப்போரில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மனிதருக்கு இது வருவது நூற்றுக்கு 99 பங்கு நாயினால்.

அன்புப் பெற்றோரே! உங்கள் குழந்தை நாயிடம் விளையாடக் கூடாத விளையாட்டை விளையாடிக் கடிபட்டு வந்து நின்றாலும், முதற்சொல்லாகத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த முறை அது உங்களிடம் வராது. "எங்கே காட்டு" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு சொல்லில் குழந்தையின் உயிர் இருக்கிறது என்று சொன்னால் அது அலங்காரம் அன்று. தம்பி தங்கையரின் இரகசியங்களைக் காத்து வைக்கும் எங்களைப் போன்ற அக்காமாரும் இந்த ஓர் இரகசியத்தை மட்டும் காக்கலாகாது.

பிறகு செய்ய வேண்டியது இது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீண்டது. இக்கிருமியின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைத்துவிடும் என்பதே காரணம். மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், எதையும் அப்பக்கூடாது. மந்திரிக்கப் போய்ப் பொழுதைக் கழிக்கக்கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று தோலில் போடும் ஊசி நான்கு தவணை. தசையில் போடுமிடத்தில் மருத்துவர் வேறு கணக்குச் சொல்லலாம். காயம் ஆழமாக இருந்தால், இரத்தம் கசிந்திருந்தால், காயத்தைச் சுற்றிலும் வேறொரு மருந்தையும் ஊசியால் செலுத்துவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடாது. வெடித்த தோலையோ பழைய புண்ணையோ நாய் நக்கியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாய் நக்கினால் புண் ஆறும் என்பாரும் உளர். அவர்களோடு வாதிட நேரமில்லை. மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து வாதிடலாம். கடித்த நாயைப் பத்துநாள் கவனிப்பது நல்லதே. ஆனால் பத்துநாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பது கூடாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் இன்னும் நம் பாட்டிமாரின் வாயில் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. இன்று போடுவது கையில்தான். நோயைத் தடுக்கும் ஊசியைக் காட்டி "ஊசி போட்டுவிடுவேன்" என்று பிள்ளையை மிரட்டும் வழக்கத்தையும் அதோடு கைவிட்டால் நலம்.

இவ்வூசியின் வரலாற்றிலும் ஒரு தாய் இருக்கிறாள். 1885 ஜூலையில் அல்சாஸ் பகுதியில் யோசேப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனை வெறிநாய் கடித்தது. அப்பகுதி அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. பாரீஸ் நகரில் பாஸ்டர் என்னும் அறிஞர் நாய்களுக்கு மருந்து கண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்ட தாய், கடிபட்ட இரண்டாம் நாளே மகனோடு எல்லை கடந்து ரயிலில் பாரீஸ் வந்து சேர்ந்தாள். மனிதருக்கு அதுவரை போட்டு நிலைநாட்டப்படாத மருந்து. பாஸ்டர் மருத்துவரும் அல்லர். மருத்துவர் ஒருவரைக் கொண்டுதான் ஊசி போடச் செய்தார். பத்துப் பதினொரு நாட்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான், பிற்காலத்தில் பாஸ்டர் நிலையத்திலேயே காவலாளராகப் பணிபுரிந்தான். நம் தென்னாட்டார் கடிபட்டால் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலிக்குப் போகவேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டபின் அத்துயரம் தீர்ந்தது. இன்று நம் வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர் தூரம்? அந்தத் தாய் கடந்த தொலைவை எண்ணிப் பார்த்தால், தேர்வு இருக்கிறது, திருவிழா இருக்கிறது என்று மூன்றாம் தவணையைத் தவறவிட மனம் வராது.

பள்ளிக்கு வரும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். நாய் துரத்தினால் ஓடாதே என்று சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மட்டும் போதாது. செய்து காட்டிப் பழக்க வேண்டும். கூச்சலிடாமல், கைகளை மார்போடு சேர்த்து, கண்ணைத் தாழ்த்தி, கொடிமரம்போல் நிற்பது. பையைக் கழற்றி முன்னே பிடித்துக்கொள்வது. விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, இரு கைகளாலும் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்வது. எல்.கே.ஜி. பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொண்டுவிடுவார்கள்; எங்கள் வகுப்பு மாணவியர் நால்வர் வாரம் ஒரு மதிய வேளையில் கற்றுத்தர ஆயத்தமாக இருக்கிறோம்.

2025 நவம்பரில் உச்சநீதிமன்றம், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களுக்கு வேலியமைத்து, அங்குள்ள தெருநாய்களை அகற்றிக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகங்களில் வைக்கும்படி ஆணையிட்டது. அதன் நன்மை தீமைகளைப் பெரியோர் பேசட்டும். வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும், மதிய உணவுக்குப்பின் மதிலோரம் நாம் கொட்டும் சோறு நாய்களை அழைத்துக்கொண்டேதான் இருக்கும். இதை அருட்சகோதரியிடம் சொன்னபோது மூடியுள்ள தொட்டிகள் இரண்டு வாங்கித் தந்தார்கள். ஒன்று நுழைவாயிலருகே இருக்கிறது, மற்றொன்று மழலையர் வகுப்பின் படிக்கட்டோரம். சத்துணவுக் கூடத்தின் பின்புறம் மூன்றாவது ஒன்று வேண்டும்.